தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்: கூரை திறக்கும் காரைப் பழையதாக வாங்குவோருக்கு

கேள்வி: ஆறு ஆண்டுகளாகச் சாதாரணச் சிறிய கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். இரண்டு இருக்கைகளும் திறந்து மூடும் கூரையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புதிய கார் என் கைக்கு எட்டாது. பழைய குடும்பக் கார் ஒன்றுக்கு ஆகும் தொகைதான் என்னிடம் இருக்கிறது. அந்தத் தொகைக்கு ஒருவர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரையும், இன்னொருவர் முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரையும் விற்கிறார்கள். யோசிக்காமல் போர்ஷேயை எடு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு எஞ்சினைப் பற்றி அதிகம் தெரியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: இரண்டுமே விரும்பி ஓட்டத்தக்க கார்கள். அவற்றில் எது என்பதைப் பிறகு சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் கார் என்பதைக் காட்டிலும், நீங்கள் பார்க்கப் போகும் அந்த ஒரு கார் இத்தனை ஆண்டுகள் எப்படி நனைந்து எப்படிக் காய்ந்தது என்பதே உங்கள் பணத்தின் கதியைத் தீர்மானிக்கும் என்பதால், அங்கிருந்து தொடங்குகிறேன்.

சாதாரணக் காரில் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் உடலின் பலத்தில் ஒரு பங்கைச் சுமக்கின்றன. மூடியோடு இருக்கும் அட்டைப் பெட்டியைக் கையால் முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். கூரையை எடுத்துவிட்டால் காரின் உடலுக்கு என்ன நேரும் என்பது விளங்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் திறந்த கார்களின் தரைத்தட்டையும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்களையும் கூடுதல் பலத்தோடு செய்கிறார்கள். மற்றக் காரில் அந்தச் சட்டம் துருப்பிடித்தாலும் ஆபத்துதான் என்றாலும், திறந்த காரில் அது முதுகெலும்பே அரிக்கப்படுவதற்கு ஒப்பாகும். எஞ்சின் பழுதானால் வேறு எஞ்சின் மாற்றலாம், கியர் பெட்டி போனால் அதையும் மாற்றலாம். சட்டம் அரித்துப்போன காரை வெட்டி வெல்டிங் செய்து சரியான அளவுக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவு பல சமயம் காரின் விலையைத் தாண்டிவிடும்.

துருவுக்குக் காரணம் தண்ணீர். துணிக் கூரை மேல் விழும் மழைநீர் எங்கே போகிறது என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. கூரையின் பின் விளிம்பை ஒட்டி ஒரு வாய்க்கால் இருக்கும். அதில் சேரும் நீர் இரு பக்கமும் உள்ள சிறு துளைகள் வழியாக இறங்கி, குழாய்களில் ஓடி, காருக்கு அடியில் வெளியேறும். மரத்தடியில் நிறுத்திய காரில் இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட நீர் அங்கேயே தேங்கி நிற்காது, வழியும். எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் அந்தத் துளைகள் இருக்கை பெல்ட்டின் தூண்களுக்கு அருகே உள்ளன. அங்கிருந்து வழியும் நீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டத்தின் பின் முனைக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கிறது. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் பெயிண்ட் கொப்பளித்திருப்பதைக் கண்டால், அந்தக் கொப்புளத்துக்குப் பின்னால் பல ஆண்டு வேலை நடந்திருக்கிறது என்று பொருள். 1996 முதல் 2004 வரை வந்த பாக்ஸ்டரில் அதே அடைப்பு வேறு விதமாக வலிக்கும்: உள்ளே வழிந்த நீர் இருக்கைக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டியை நனைத்துவிட, கார் சாவியையே அடையாளம் காணாமல் போகலாம். 2002இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4 காரில் கூரையை இயக்கும் மோட்டாரே வடிகால் அருகில் இருப்பதால், அடைப்பு ஏற்பட்டால் அது நீரில் மூழ்கிச் செத்துவிடுகிறது. ஒரே சருகு, மூன்று கார்களில் மூன்று விதமான செலவு.

ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் விளக்கும், துணியில் சுற்றிய சிறு காந்தமும், ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். கதவைத் திறந்தவுடன் முதலில் மூக்கை நம்புங்கள். ஈரக் கம்பள வாடை வாசனைத் திரவத்துக்கு அடங்காது. இருக்கைகளுக்குப் பின்னாலும் கால் வைக்கும் இடத்திலும் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைப் பாருங்கள். பெட்டிச் சட்டத்தின் பின்பகுதியில் காந்தம் ஒட்டாமல் நழுவினால் அங்கே இரும்பு போய்விட்டது, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அறியலாம். அடிப்பாகம் முழுதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதை அக்கறையின் அடையாளமாக உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது, யார், எதன் மேல் பூசினார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, உரிமையாளரின் அனுமதியோடு பாட்டில் தண்ணீரை வாய்க்காலில் மெதுவாக ஊற்றுங்கள். அது சில விநாடிகளில் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, அந்த நீர் இத்தனை காலமும் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தேடத் தொடங்குங்கள். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனைகள் இவை. இவற்றில் தேறாத காரை மெக்கானிக்கிடம் காட்டக்கூட வேண்டியதில்லை.

கூரைத் துணியை மூடிய நிலையில் உள்ளிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். மடிப்பு விழும் இடங்களிலும், கதவுக் கண்ணாடிக்கு மேலே உரசும் மூலைகளிலும்தான் துணி முதலில் தேயும். பழைய கார்கள் பலவற்றில் பின் ஜன்னல் கண்ணாடியாக இராமல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருக்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ இசட்3 ஆகியவை அப்படித்தான். அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் மஞ்சளாகி மங்கும். குளிரில் மடித்தால் வெடிக்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் கூரையைத் தாழ்த்துமுன் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். விற்பவர் உங்கள் முன் கூரையைத் தாழ்த்தும்போது அதைச் செய்கிறாரா என்று கவனியுங்கள். அந்தக் கார் எப்படிப் பேணப்பட்டது என்பதை அவர் கை சொல்லிவிடும். கூரை முழுதையும் மாற்ற வேண்டி வந்தால் துணியின் விலையோடு, பொருத்துபவரின் ஒரு முழு நாள் உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, பேரத்தில் அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள்.

இப்போது உங்கள் இரு கார்களுக்கு வருகிறேன். உங்களிடம் உள்ள தொகைக்கு நான் எம்எக்ஸ்-5 காரையே சொல்வேன், தயக்கமில்லாமல் சொல்வேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அது அறிமுகமானபோது, சின்னத் திறந்த காரின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணியிருந்தார்கள். முன்னால் நான்கு சிலிண்டர் எஞ்சின், பின் சக்கரங்களுக்கு விசை, ஏறத்தாழ ஒரு டன் எடை: அந்த எளிமையால் 2016இல் அதன் பத்து லட்சமாவது கார் உற்பத்தியானது. இவ்வளவு எண்ணிக்கையில் ஓடும் காருக்கு உதிரிபாகமும் கிடைக்கும், அதைத் தொட்டுப் பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். குறைகளும் உண்டு. மேலே சொன்ன சட்டங்களின் துரு முதல் குறை. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்கத்துச் சட்டங்களும் அரிக்கும் என்பதால் அதை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. 1989 முதல் 1991 தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டர் எஞ்சின்களில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் முன் முனை பலவீனமானது; அந்த ஆண்டுக் கார் என்றால் விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பாக்ஸ்டரின் எஞ்சின் ஆறு சிலிண்டர்களோடு இருக்கைகளுக்குப் பின்னால் படுத்திருக்கிறது; அதன் ஒலியும், வளைவுகளில் அதன் சமநிலையும் எம்எக்ஸ்-5 காரில் கிடைக்காதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கார் புதிதாக இருந்தபோது எந்த விலையில் விற்றதோ, அந்த விலைக்குரிய உதிரிபாகச் செலவை இன்றும் கேட்கும். பழையதாகும்போது காரின் விலை இறங்குகிறது. பிரேக் தட்டின் விலையும் ரேடியேட்டரின் விலையும் அப்படி இறங்குவதில்லை. மேலும், 2008 வரையிலான அந்த எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங் என்ற ஒரு பாகம் உண்டு. அது உடையும் கார்கள் சிறு பங்குதான். உடைந்தால் எஞ்சினே போய்விடும். 2009 மாடலோடு வந்த புதிய எஞ்சினில் அந்தப் பாகமே நீக்கப்பட்டுவிட்டது. முதல் தலைமுறை பாக்ஸ்டரில் கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர் பெட்டியை இறக்கும்போது பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்பதால், அப்படி மாற்றிய ரசீதோடு வரும் பாக்ஸ்டருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ரசீதும் இல்லாமல், சந்தையிலேயே குறைந்த விலைக்கும் வரும் பாக்ஸ்டர்தான் உங்கள் தொகைக்குள் அடங்குகிறது என்றால், அது முந்தைய உரிமையாளர்கள் தள்ளிப்போட்ட செலவுகளின் தொகுப்பு. உங்கள் முதல் திறந்த கார் பட்டறையில் நிற்பதை நான் விரும்பவில்லை.

இந்த இரண்டும் சரிப்படாவிட்டால் பார்க்கத்தக்கவை சில உள்ளன. டொயோட்டா எம்ஆர்2 காரின் 1999 முதல் 2007 வரையிலான திறந்த வடிவம் ஓட்டுவதற்கு அருமையானது, ஆனால் ஒரு பயணப் பெட்டி வைக்கக்கூட இடமில்லை. அதன் தொடக்க ஆண்டு எஞ்சின்கள் ஆயில் குடிக்கும். இசட்3 காரில் டிக்கிக்கு அடியில், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் இடத்தில் தகடு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1995இல் வந்த எம்ஜி எஃப் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போவதற்குப் பெயர் பெற்றது. உலோகக் காஸ்கெட் மாற்றிய சான்று இருந்தால் யோசிக்கலாம். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை செல்லும் ஹோண்டா எஸ்2000 நீங்கள் சொல்லும் தொகைக்குள் நல்ல நிலையில் கிடைக்காது. கிடைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

கையிலுள்ள தொகை முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். டயர், பிரேக் திரவம், ஆயில், குளிர்விக்கும் நீர், டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் என்று முதல் ஆண்டிலேயே அது கரைந்துவிடும். காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள். இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன், அதிலும் ஓட்டுபவர் இளையவர் என்றால், காப்பீட்டுத் தொகை நீங்கள் இதுவரை கட்டியதைவிடக் கணிசமாக உயரக்கூடும்.

கேள்வி: துணிக் கூரைக்கு இவ்வளவு தொல்லை என்றால், பொத்தானை அழுத்தியதும் மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை உள்ள காரையே வாங்கிவிடலாமே?

பதில்: வாங்கலாம். தினமும் ஓட்டப் போகிறவர், காரைத் தெருவில் நிறுத்தப் போகிறவர் என்றால் நான் அதையே பரிந்துரைப்பேன். கத்தியால் கிழிக்க முடியாது, நெடுஞ்சாலையில் இரைச்சல் குறைவு. இந்த யோசனை புதிதும் அல்ல: 1957 முதல் 1959 வரை ஃபோர்டு ஸ்கைலைனர் என்ற பெரிய கார் முழு உலோகக் கூரையையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டது. 1996இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே சிறிய இரண்டு இருக்கைக் காருக்கு அதைக் கொண்டுவந்து பரவலாக்கியது.

ஆனால் வடிகாலும் ரப்பர் பட்டைகளும் அதிலும் உண்டு. அவற்றோடு மோட்டார், ஹைட்ராலிக் குழாய், உணர்விகள் ஆகியவை சேர்கின்றன. ஒரு சின்ன உணர்வி பொய் சொன்னால் கூரை பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே காரைப் பார்க்கும்போது கூரையை மூன்று முறை முழுதாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு முறை போதாது, சூடேறிய பின்தான் சில கோளாறுகள் வெளிப்படும். பல கார்களில் கூரை மடிந்த பின் டிக்கியில் இடமே மிஞ்சாது. எம்எக்ஸ்-5 காரின் மூன்றாம் தலைமுறையில் 2006இல் வந்த உலோகக் கூரை இதற்கு விலக்கு: இருக்கைகளுக்குப் பின்னாலேயே அடங்குவதால் டிக்கி அப்படியே இருக்கும், திறக்க ஏறத்தாழ 12 விநாடி, கூடும் எடையும் நாற்பது கிலோவுக்குள்தான். உலோகக் கூரை வேண்டும், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்பவருக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் காரைத்தான்.

கேள்வி: இதுவரை முன் சக்கரங்கள் இழுக்கும் காரையே ஓட்டியிருக்கிறேன். பின் சக்கரங்கள் தள்ளும் கார் ஈரச் சாலையில் சுழன்றுவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா?

பதில்: அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஈரமான வளைவில் திடீரென்று முடுக்கினாலோ, பயந்து சட்டென்று காலை எடுத்தாலோ காரின் பின்பகுதி விலகக்கூடும். குறிப்பாக பாக்ஸ்டர் போல எஞ்சின் நடுவில் உள்ள கார்களில் அந்த விலகல் தொடங்கிவிட்டால் பழகாத கைக்கு அடங்காது. சறுக்கலைத் தானே உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் போடும் நிலைப்புக் கட்டுப்பாடு 1990களின் கார்கள் பலவற்றில் இல்லை. முதல் முறை வாங்குபவர் என்பதால், இரண்டு கார்கள் நிலையில் சமமாக இருந்தால் அந்த வசதியுள்ள பிந்தைய ஆண்டுக் காரையே தேர்ந்தெடுங்கள்.

அதைவிட முக்கியமானது டயர். திறந்த கார்கள் குறைவாக ஓடுபவை என்பதால் டயரில் பட்டன் (தரையைப் பற்றும் பள்ளங்கள்) ஆழமாக இருக்கும்போதே ரப்பர் கிழடாகி இறுகிவிடுகிறது. பக்கச்சுவரில் டிஓடி என்ற குறியீட்டு வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டைத் தாண்டிய டயரை, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், மாற்ற வேண்டிய பட்டியலில் சேருங்கள். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். வாங்கிய பின், ஆளில்லாத பரந்த இடத்தில் பயிற்சி தரும் ஓட்டுநர் பள்ளி எதுவும் கிடைத்தால் ஒரு நாளைச் செலவிடுங்கள். எந்தக் கூடுதல் குதிரைத்திறனும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது.

கேள்வி: என் உயரம் 188 செ.மீ. எம்எக்ஸ்-5 காரில் உட்கார முடியுமா?

பதில்: கூரையை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். திறந்திருக்கும்போது எல்லோருக்கும் இடமிருக்கும். முதல் இரண்டு தலைமுறைகளில் ஸ்டியரிங்கை மேலும் கீழும் நகர்த்த முடியாது. தொடை அதில் இடித்தால், முன் கண்ணாடியின் மேல் சட்டம் கண்ணுக்கு நேரே நின்றால், அந்தக் காரை விட்டுவிடுங்கள். மூன்றாம் தலைமுறை சற்றுப் பெரியது, ஸ்டியரிங்கும் மேலும் கீழும் நகரும். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு கார் 40,000 கி.மீ. மட்டுமே ஓடியது, ஆனால் சர்வீஸ் புத்தகம் இல்லை. இன்னொன்று 1,60,000 கி.மீ. ஓடியது, ஒவ்வொரு ரசீதும் இருக்கிறது. விலை ஒன்றுதான்.

பதில்: இரண்டாவது. ஓடாமல் நின்ற காரில் ரப்பர் காய்கிறது, பிரேக் இறுகுகிறது, எரிபொருள் கெடுகிறது. மீட்டர் காட்டும் எண்ணை உறுதிப்படுத்தவும் உங்களிடம் ஆதாரமில்லை. ரசீதுகளில் உள்ள தேதியும் கி.மீ. எண்ணும் வரிசையாக ஏறுகின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள். காரின் உடலில் பொறித்த 17 எழுத்து அடையாள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், காரின் மேல் கடன் எதுவும் பாக்கி இருக்கக்கூடாது. எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முதல் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது.

கேள்வி: கார் பார்க்க ஒப்புக்கொண்ட நாளில் மழை வரும் போலிருக்கிறது. தள்ளிப் போடவா?

பதில்: வேண்டாம், போங்கள். இந்த வகைக் காரைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. கூரையை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே உட்காருங்கள். கண்ணாடி ஓரத்தில், முன் சட்டத்தின் மூலையில், இருக்கைக்குப் பின்னால் என்று விரலால் தடவிப் பாருங்கள். நனைந்த பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும் என்பதால், அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடாமல், வெயில் காயும் நாளில் இன்னொரு முறை போய் உடலைச் சுற்றிப் பாருங்கள்.